கோலேப் நோட்புக்கில் ஃப்ளோ சைட்டோமெட்ரி: டி செல் பதிலை எண்ணுவது எப்படி

காசநோய்க் கிருமியின் இசாட்-6, சிஎஃப்பி-10 புரதத் துண்டுகளோடு ரத்த செல்களை ஊறவைத்து, அவற்றில் எத்தனை சிடி4 செல்கள் (நோய் எதிர்ப்பு டி செல்களில் ஒரு வகை) இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன என்று பார்க்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். செல்களுக்கு ஒளிர்சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அளப்பதுதான் ஃப்ளோ சைட்டோமெட்ரி. அந்த மெஷின் எழுதிய எஃப்சிஎஸ் கோப்புகள் கைக்கு வந்துவிட்டன. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளோ துறையில் ஒரே கணினியில்தான் இருக்கிறது, அதற்கும் வரிசை. பல்கலை நகர் விடுதியில் கிடக்கும் பழைய மடிக்கணினியே போதும், கனமான கணக்கை, உலாவியிலேயே பைதான் ஓட்டும் கூகுள் கோலேப் பார்த்துக்கொள்ளும். கேட் போடுவதும் (வரைபடத்தில் எல்லை வரைந்து செல்களைப் பிரிப்பது) பைதானில் நான்கு வரி எழுதுவதும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

ஏற்றுவதற்கு முன்

மெஷினில் ட்யூப் பெயராக நோயாளியின் பெயரைத் தட்டியிருந்தால் அது எஃப்சிஎஸ் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் அது போகாது. மெஷின் மென்பொருளிலேயே குறியீட்டு எண்ணாக மாற்றி, மறுபடி எக்ஸ்போர்ட் செய்த பிறகே டிரைவில் ஏற்றுங்கள்.

நோட்புக்கில் டிரைவை இணைத்ததும் கோப்புகளை கோலேப்பின் சொந்த கன்டென்ட் ஃபோல்டருக்கு நகலெடுத்துவிடுங்கள். டிரைவிலிருந்து ஒவ்வொன்றாகப் படிப்பது ஆமை வேகம். செஷன் முடிந்தால் அந்த ஃபோல்டர் காலியாகிவிடும், அதனால் முடிவுகளை மட்டும் டிரைவுக்கே திருப்பி எழுதுங்கள். மாதாந்திர மின்தடை நாளில் வைஃபை போய் செஷன் அறுந்தாலும் அதுவரை எழுதியது தப்பிக்கும்.

நிறுவுதல்

பிப் இன்ஸ்டால் ஃப்ளோகிட். எஃப்சிஎஸ் கோப்புகளைப் படிக்கும் பைதான் தொகுப்பு இது. ரன்டைமை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால் செய்துவிட்டு, இம்போர்ட் செல்லிலிருந்து தொடருங்கள். ஆர் மொழியின் ஃப்ளோகோர் அருமையான தொகுப்புதான். ஆனால் ஒவ்வொரு புதிய செஷனிலும் அதைக் கம்பைல் செய்யக் காத்திருக்க வேண்டும். கோலேப் என்றால் என் ஓட்டு பைதானுக்கே.

காம்பன்சேஷன்: இங்கேதான் நிதானம்

எஃப்ஐடிசி என்ற சாயத்தின் ஒளி, பிஇ என்ற வேறொரு சாயத்துக்கான டிடெக்டரிலும் கொஞ்சம் விழும். இதைக் கழிப்பதுதான் காம்பன்சேஷன். அதைக் கழிக்கும் அணி (மேட்ரிக்ஸ்) கோப்பின் மெட்டாடேட்டாவில் ‘ஸ்பில்’ அல்லது ‘ஸ்பில்ஓவர்’ என்ற பெயரில் இருக்கும். அப்ளை காம்பன்சேஷன் என்று அதைக் கொடுத்தால் வேலை முடிந்தது போலத்தான் தெரியும். ஆனால் கொடுப்பதற்கு முன் அந்த அணியை அச்சிட்டு, கண்ணால் பாருங்கள்.

மூலைவிட்டத்தில் 1, மற்ற எல்லா இடத்திலும் 0 என்றிருந்தால் மெஷினில் யாரும் காம்பன்சேஷன் செய்யவில்லை என்று பொருள். அந்த அணியைப் போட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, தரவும் துளி மாறாது. நீங்கள் செய்துவிட்டதாக நினைத்து மேலே போய்விடுவீர்கள். அப்படியானால் ஒற்றைச் சாயக் கட்டுப்பாட்டு ட்யூபுகளிலிருந்து அணியைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

சேனல்களின் (ஒவ்வொரு டிடெக்டரின் அளவீடு) பெயர்கள் ‘காம்ப்-’ என்று தொடங்கினால் கதை நேர்மாறு. யாரோ ஏற்கெனவே கழித்து எக்ஸ்போர்ட் செய்திருக்கிறார்கள். மறுபடி கழித்தால் செல்கூட்டம் பூஜ்யத்துக்குக் கீழே சரியும்.

சரிபார்க்க ஒரு வழி: எஃப்ஐடிசி மட்டும் போட்ட ட்யூபில் பாசிட்டிவ் கூட்டம், நெகட்டிவ் கூட்டம் இரண்டின் பிஇ மீடியனையும் எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பாசிட்டிவின் மீடியன் கீழே தொங்கினால் அதிகம் கழித்திருக்கிறீர்கள், மேலே ஏறினால் போதவில்லை.

அளவு மாற்றம்

கழித்த பிறகே ஆர்க்சின்ஹெச் (பெரிய எண்களை லாக் போல அமுக்கும் மாற்றம்). முன்பே போட்டால் கழித்தல் கணக்கே அர்த்தமற்றுப் போகும். ஒளிர்சாயத் தரவுக்கு 150-ஆல் வகுத்துப் போடுவது வழக்கம், சாயத்துக்குப் பதில் உலோகக் குறி வைத்து அளக்கும் மாஸ் சைட்டோமெட்ரிக்கு 5. ஒளிர்சாயத் தரவுக்குத் தவறி 5 போட்டால், பூஜ்யத்தைச் சுற்றியுள்ள நெகட்டிவ் செல்கள் இரண்டு மேடாகப் பிளந்து, இல்லாத கூட்டம் ஒன்று முளைக்கும். ஃப்ளோகிட்டில் இதே மாற்றம் ஆசின்ஹெச் என்ற பெயரில் இருக்கிறது, அது இந்த 150-ஐக் கேட்காது, டி, எம், ஏ என்று வேறு மூன்று எண்களைக் கேட்கும். பைதானின் நம்பை தொகுப்பில் நேரடியாகப் போட்டுவிடுவது சுலபம். எஃப்எஸ்சி (செல்லின் அளவைக் காட்டும் ஒளிச்சிதறல்), எஸ்எஸ்சி (செல்லின் உள்துகள்களைக் காட்டும் ஒளிச்சிதறல்), டைம் மூன்றையும் தொடாதீர்கள்.

டேட்டாஃப்ரேமாக எடுக்கும்போது பத்தித் தலைப்பு இரண்டு அடுக்காக வரும், மேலே சேனல், கீழே மார்க்கர் (அந்தச் சாயம் காட்டும் புரதம்). மார்க்கர் பெயர் ஆள் தட்டியது என்பதால் ஒரு நாள் ‘சிடி4’, மறுநாள் இடையில் ஒரு கோடு என்று மாறும். சேனல் பெயரையே நம்புங்கள்.

கேட்

முதலில் ஒற்றைச் செல்கள். மாட்டுத்தாவணி பஸ்ஸில் இரண்டு பேர் ஒரே சீட்டில் ஒட்டி உட்கார்ந்து ஒரு டிக்கெட் வாங்கியது மாதிரி, ஒட்டிக்கொண்ட இரண்டு செல்கள் ஒன்றாகப் பதிவாகும். எஃப்எஸ்சி பரப்பை உயரத்துக்கு எதிராக வரைந்தால் இவை மூலைக்கோட்டை விட்டு விலகி நிற்கும். பிறகு லிம்போசைட், உயிருள்ளவை, சிடி3 (டி செல்களின் பொது மார்க்கர்), சிடி4 என்று வரிசையாகப் பிரியுங்கள்.

இன்டர்ஃபெரான் எல்லைக்கோட்டை அதே நபரின் தூண்டாத (புரதத் துண்டு சேர்க்காத) ட்யூபில் வைத்து, எண்ணை மாற்றாமல் தூண்டிய ட்யூபில் பயன்படுத்துங்கள். தூண்டியதில் 0.31%, தூண்டாததில் 0.04% என்றால் பதில் 0.27%. சதவீதத்தோடு எண்ணிக்கையையும் எழுதுங்கள். 40,000 சிடி4 செல்களில் 0.04% என்பது வெறும் 16 செல்தான்.

இதனால்தான் நினைவகம் போதவில்லை என்று 10,000 செல்களாகக் குறைக்கக் கூடாது. அந்த 16, நான்காகிவிடும். பல சேனல்களை இரண்டு அச்சில் சுருக்கிக் காட்டும் யூமேப் படத்துக்கு மட்டும் குறையுங்கள், எண்ணுவதற்கு முழுத் தரவே வேண்டும். 5 லட்சம் செல், 20 சேனல் உள்ள ஒரு கோப்பு நினைவகத்தில் சுமார் 80 எம்பி. மூலம், கழித்தது, மாற்றியது என மூன்று பிரதி என்றால் 240. இருபது கோப்பு சேர்ந்தால் கிட்டத்தட்ட 5 ஜிபி, இலவசக் கோலேப் தருவதோ ஏறக்குறைய 12. எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டும்போதுதான் செஷன் சாகும். ஒரு கோப்பைத் திற, எண்ணு, எழுது, அழி, அடுத்ததைத் திற.

பிறகு சேர்த்தது: பாசிட்டிவ் கட்டுப்பாட்டுக்குப் பிஎம்ஏ-அயனோமைசின் (டி செல்களைப் பலமாகத் தூண்டும் ரசாயனங்கள்) போட்ட ட்யூபில் ‘சிடி4 செல்களையே காணோம்’ என்றால் கோடில் பிழை தேடாதீர்கள். பிஎம்ஏ பட்டால் செல்லின் மேற்பரப்பிலிருந்து சிடி4 உள்ளே போய்விடும். அந்த ட்யூபுக்கு மட்டும் சிடி3 உள்ள, சிடி8 (மற்றொரு டி செல் வகையின் மார்க்கர்) இல்லாத செல்களை எடுத்துக்கொண்டு, அட்டவணையில் அப்படியே குறித்துவையுங்கள்.