கன்னியாகுமரிப் பயணம்: திட்டமிடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை, ராமேஸ்வரம் சுற்றுலாவின் கடைசி நாளாகக் கன்னியாகுமரியைச் சேர்த்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. மாலையில் வந்து இறங்குவார்கள். மறுநாள் சூரிய உதயம், படகில் விவேகானந்தர் பாறை, கடைத்தெருவில் சங்கும் பாசி மாலையும், மதியத்துக்குள் அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் இந்த மாவட்டத்தின் வரலாறு பெரும்பாலும் முனைக்கு மேற்கே இருக்கிறது. ஓர் அரசின் பழைய தலைநகரம், டச்சுப் படை தோற்ற கடற்கரை, சிதறால் சமணர் குன்று எல்லாமே ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவுதான். மூன்று நாளாவது ஒதுக்குங்கள். ஒரு இரவு முனையில் தங்கிவிட்டு, மற்ற இரவுகளுக்கு நாகர்கோவிலில் அறை எடுத்தால் அலைச்சல் வெகுவாகக் குறையும்.

அடுத்தது, கிழமை பார்க்காமல் வருவது. தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு முனையில் கழித்துவிட்டுத் திங்களன்று தக்கலைக்கு வருபவர்கள் பூட்டிய வாசலைத்தான் பார்ப்பார்கள். இந்தப் பயணத்தில் எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்பேன். தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூரின் ஆட்சி நடந்த இடம் இது. முழுக்க மரவேலை. அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் மரச்சட்டங்கள் வழியே வரும் வெளிச்சமும் காற்றும், அன்னதானக் கூடமான ஊட்டுப்புரையின் நீளமும், கண்ணாடி மாதிரி மின்னும் கருந்தரையும் அவசரத்தில் பார்க்கக் கூடியவை அல்ல. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து மெழுகிய தரை என்பார்கள். 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பகுதி தமிழகத்தோடு இணைந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. மதிய இடைவேளை உண்டு, மாலை நாலரைக்கு மூடிவிடுவார்கள். அதனால் காலையிலேயே போய்விடுங்கள், இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அதே அரசரின் படைக்குப் பயிற்சி அளித்துத் தளபதியாக உயர்ந்தவர். அவருடைய கல்லறை இந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. அரண்மனை, கோட்டை, மாலையில் குளச்சல் கடற்கரை என்று ஒரே நாளில் வைத்தால் மூன்றும் ஒரே கதையாகச் சேரும். வெவ்வேறு நாட்களில் சிதறவிட்டால் வெறும் ‘ஸ்பாட்’களாகிவிடும்.

கோயில்களை நட்டநடு மதியத்துக்கு வைக்காதீர்கள், நடை சாத்தியிருக்கும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கும் குமரி அம்மன் கோயிலுக்கும் அதிகாலையோ மாலையோ போகலாம். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டி கட்டிப் போவது வசதி.

படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளுவதும் தவறு. கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். முதல் காலையிலேயே முயன்றால், ஒருவேளை கிடைக்காவிட்டாலும் மறுநாள் கையில் இருக்கும். 2024 டிசம்பர் இறுதியில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்ததிலிருந்து விவேகானந்தர் பாறையிலிருந்து திருவள்ளுவர் சிலைக்கு நடந்தே போய்விடலாம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் அதிகம். அந்த மாதங்களில் படகுத்துறை வரிசை நீளமாக இருக்கும், அறை வாடகையும் ஏறிவிடும்.

‘கடலில் சூரிய அஸ்தமனம்’ என்று நம்பி மே, ஜூன், ஜூலையில் வருபவர்கள் ஏமாறுவார்கள். அப்போது சூரியன் வடமேற்கே விலகி, நிலப்பக்கம்தான் மறையும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். ஆனால் இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது, அக்டோபர், நவம்பரில் மழை குறுக்கிடும். ஜனவரிப் பிற்பகுதியும் பிப்ரவரியும் என் தேர்வு.

சாப்பாட்டுக்கு வட இந்தியப் பயணிகளுக்கான ஓட்டல்களையே சுற்றாமல் நாகர்கோவில், தக்கலைப் பக்கம் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன் குழம்பும் கேளுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழத்தை வழியோரக் கடைகளில் தேடிப் பாருங்கள்.

கடலில் இறங்குவதைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். மழையோ காற்றோ இல்லாமல், தெளிந்த வானத்தின் கீழேயே திடீரென்று பெரிய அலை எழும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். எங்கோ தொலைதூரக் கடலில் வீசிய காற்றால் கிளம்பும் அலை அது, கரையில் நிற்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் உயிரிழந்தார்கள். கடல் நிலையைக் கணிக்கும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது, உள்ளூர்ச் செய்திகளிலும் வரும். எச்சரிக்கை உள்ள நாளில் கடற்கரைத் திட்டத்தை அப்படியே எடுத்துவிட்டு, மாத்தூர் தொட்டிப்பாலம், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் என்று உள்நாட்டுப் பக்கம் திரும்புங்கள். மற்ற நாட்களிலும் பாறைகளில் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம். எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்று வலை உலர்த்திக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவரிடம் கேட்டுவிட்டே கரைக்குப் போங்கள்.