சூப்பர் ஹீரோ சிலை வாங்கி வைக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு

பேட்மேனோ ஸ்பைடர்மேனோ, சிலை வாங்குறப்ப முதல்ல அது எதுல செஞ்சதுன்னு பாருங்க, பாலிஸ்டோனா பிவிசியான்னு பெரும்பாலும் பாக்ஸ்லயே போட்டிருக்கும். பாலிஸ்டோன்னா ரெசின்ல கல்லுப்பொடி கலந்து வார்க்கிறது, நல்ல வெயிட்டு, கீழ விழுந்தா உடைஞ்சிடும், 1/4 ஸ்கேல் சிலை, அதாவது ஆள் உயரத்துல கால் பங்கு, ஒண்ணரை அடி வரும், அத கண்ணாடி ஷெல்ஃப்ல மேல் தட்டுல தூக்கி வைக்காதீங்க, கெட்டியான மரத்தட்டு தான் சரி.

பிவிசி ஒரு வகை பிளாஸ்டிக், லேசா இருக்கும் ஆனா சூட்டுல மெதுவா வளைஞ்சிடும், அதுவும் ஒத்தக்கால்ல நிக்கிற போஸ்னா கேக்கவே வேணாம். சாஞ்சிருச்சுன்னா பயப்படாதீங்க, அந்த காலை மட்டும் சுடுதண்ணில கொஞ்ச நேரம் வச்சு, இளகினதும் நேரா நிமித்தி அப்படியே ஐஸ் தண்ணில முக்குனா நின்னுக்கும். கொதிக்கிற தண்ணி வேணாம், பெயின்ட் போயிடும். பாலிஸ்டோனுக்கு இந்த வேலை ஆகவே ஆகாது.

எல்லாத்தையும் விட பெரிய எதிரி ஜன்னல் வெயில் தான்ங்க, நேரா பட்டுட்டே இருந்தா சிவப்பு வெளுத்துடும், வெள்ளை மஞ்சளாயிடும், அப்புறம் என்ன பண்ணாலும் பழைய கலர் வராது. லைட் போடணும்னா எல்இடி ஸ்ட்ரிப் போடுங்க, ஹாலோஜன் சூடு ஜாஸ்தி.

தூசிக்கு மேக்கப் பிரஷ் மாதிரி சாஃப்ட்டானது போதும். பிவிசி சிலை ரொம்ப நாள் மூடியே இருந்து பிசுபிசுன்னு ஆச்சுன்னா வெதுவெதுப்பான தண்ணில துளி பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு கழுவி நிழல்ல காய வைங்க. தின்னர், ஸ்பிரிட் பக்கமே போகாதீங்க.