ஊரக வீட்டுத் திட்டத்தைச் சமூகத் தணிக்கை செய்வது எப்படி?

பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சமூகத் தணிக்கை, அதாவது திட்டத்தின் கணக்கையும் வேலையையும் ஊர் மக்களே நேரில் சரிபார்ப்பது, நடைபெற வேண்டும். பயனாளிகள் பட்டியலையும் தவணை விடுவிப்பு விவரத்தையும் இத்திட்டத்தின் ஆவாஸ்சாஃப்ட் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் செல்லுங்கள். கோப்பில் மட்டும் கூரை போட்ட வீடுகள் அங்கேதான் அகப்படும். பயனாளியின் வங்கிப் புத்தகத்தில் வரவான தொகையையும் தேதியையும் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, புவிக்குறியிட்ட (எடுத்த இடம் பதிவான) புகைப்படத்தில் தெரியும் சன்னலும் பக்கத்து வேப்பமரமும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்றும், வீட்டின் பரப்பு 25 சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் இந்த வீடு கட்டும் வேலைக்கெனப் பதிவான கூலி யார் கணக்கில் ஏறியது என்பதையும் கேளுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். கமிஷன் கொடுத்தீர்களா என்ற கேள்வியை ஊராட்சிச் செயலர் அருகில் நிற்கும்போது கேட்டுப் பயனில்லை. கண்டவற்றைக் கிராம சபையில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள்.