நீலகிரி மேட்டில் கிராஸ் கன்ட்ரி: பிரீயின் பயிற்சியை நாடி பார்த்துச் செய்வது எப்படி

1950களில் இங்கிலாந்தின் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் இரண்டு பெயர்கள் முன்னே நின்றன. கோர்டன் பிரீ 1953, 1954, 1955 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் இங்கிலாந்தின் தேசியப் பட்டத்தை வென்றவர். ஃபிராங்க் சாண்டோ 1955இலும் 1957இலும் சர்வதேச கிராஸ் கன்ட்ரி சாம்பியன். அவர்கள் ஓடியதெல்லாம் சேறும் புல்லும் மேடுபள்ளமும். அவை நீலகிரியிலும் தாராளமாக உண்டு. ஆனால் அவர்களுக்கு இல்லாத ஒன்று ஊட்டியில் இருக்கிறது: சுமார் 2,200 மீட்டர் உயரம். பிரீயின் பயிற்சியை எண்ணிக்கை மாறாமல் இங்கே செய்தால் இரண்டே வாரத்தில் ஆள் படுத்துவிடுவார். ஸ்டாப்வாட்ச் காட்டும் வேகத்தை மறந்து நாடியைப் பிடித்துக்கொண்டால், அதே பயிற்சி இங்கே அருமையாகப் பலன் தரும்.

நாடிக் கணக்கு பிரீக்குப் பயிற்சி கொடுத்த ஜெர்மானியர் வோல்டெமர் கெர்ஷ்லருடையது. 200 மீட்டர் வேகமாக ஓடி நாடியை நிமிடத்துக்கு 180 வரை ஏற்ற வேண்டும். பிறகு மெல்ல நடக்க வேண்டும். 90 விநாடிக்குள் நாடி 120க்கு இறங்கினால் அடுத்த ஓட்டம். இறங்காவிட்டால் அன்றைய வேகம் உடலுக்கு மிஞ்சியது என்று பொருள். கழுத்தில் விரல் வைத்து 10 விநாடி எண்ணினால் போதும்: 30 துடிப்பு என்றால் 180, 20 என்றால் 120. சின்ன வயதுப் பிள்ளைகளின் நாடி இயல்பாகவே கூடுதலாக ஏறும். அவர்களிடம் 180ஐத் தேடாமல், 120க்கு இறங்குகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

கோவை, ஈரோடு பக்கமிருந்து மேலே வருபவர்கள் முதல் ஐந்து நாள் மெதுவோட்டம் மட்டுமே செய்ய வேண்டும், அதுவும் பேச்சு திணறாத வேகத்தில். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள். முதல் நாட்களில் அது வழக்கத்தைவிட உயர்ந்தே இருக்கும். அது இறங்கி நிலைத்த பிறகுதான் 200 மீட்டர் ஓட்டங்களைத் தொடங்கலாம். தலைவலியோ தூக்கமின்மையோ இருந்தால் இன்னும் பொறுத்திருங்கள்.

முதல் வாரம் 200 மீட்டர் 8 முறை. வாரத்துக்கு இரண்டு நாள். நாடி ஒழுங்காக இறங்கினால் வாரத்துக்கு இரண்டு ஓட்டம் கூட்டி 16 வரை போகலாம். 90 விநாடியில் 120க்கு இறங்காதபோது வேகத்தைக் குறையுங்கள். அடுத்ததிலும் இறங்காவிட்டால் அன்று நிறுத்திவிடுங்கள். இங்கே பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். சமவெளியில் 34 விநாடியில் ஓடியவர் மேலேயும் 34 விநாடியையே துரத்துகிறார். காற்றழுத்தம் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் இருப்பதால் நாடி இறங்க மறுக்கிறது. 36, 37 விநாடி வந்தால் வெட்கப்பட எதுவுமில்லை.

பாதைக்கு ஒன்றரை அல்லது இரண்டு கிலோமீட்டர் சுற்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 400 மீட்டர் புல்வெளி, ஓர் ஏற்றம், ஓர் இறக்கம் இருந்தால் போதும். எஸ்டேட் பாதை என்றால் முதலில் அனுமதி கேளுங்கள். மருந்து அடித்த பக்கம் போகாதீர்கள். தேயிலை வரிசைகளுக்கு இடையே வெட்டியிருக்கும் வடிகால் குழிகளைப் புல் மூடியிருக்கும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் அங்கேதான். எனவே ஓடும் முன் ஒருமுறை நடந்து பார்த்து, குழிக்குக் குழி குச்சி நட்டு வையுங்கள். சோலைக்காட்டுக்குள் ஓட வேண்டாம். குன்னூர், கோத்தகிரி தோட்டங்களில் கரடியும் காட்டெருமையும் நடமாடும்; நன்றாக விடிந்த பிறகே, இருவர் மூவராக ஓடுங்கள். மழைக்காலத்தில் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு கையில் இருக்கட்டும்.

ஏற்றத்தில் அடியைச் சுருக்குங்கள், கையை வீசுங்கள், பார்வை பத்தடி முன்னே இருக்கட்டும். இறக்கத்தில் பின்னுக்குச் சாய்ந்து குதிகாலால் பிரேக் போடுபவருக்கு முட்டி வலி நிச்சயம். ஈரத்தில் வழுக்கியும் விழுவார். உடல் சரிவோடு சேர்ந்து முன்னே வர, பாதத்தின் முன்பகுதியில் இறங்க வேண்டும். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை கிடக்கும் இடத்தில் மட்டும் வேகத்தை விட்டுவிடுங்கள். நனைந்தால் அது சோப்புக்கட்டிதான்.

ஷூ பற்றிச் சாண்டோவின் ஓட்டமே பாடம். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக் 10,000 மீட்டரில் ஒரு ஷூ கழன்றுபோயும் ஐந்தாவதாக வந்தார். எல்லோராலும் அது முடியாது. லேஸை நனைத்து இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனிகளைச் செருகி, மேலே ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். காய்ந்த புல்லுக்கு 9 மி.மீ. ஸ்பைக் (ஷூவின் அடியில் பொருத்தும் ஆணி), சேற்றுக்கு 12 முதல் 15 வரை. பாதையில் தார்ச்சாலை குறுக்கிட்டால் ஸ்பைக் வேண்டாம், முரட்டு அடிப்பாகமுள்ள ரப்பர் ஷூ போதும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்தில் மாற்றுங்கள். அடுப்பருகே காயவைத்தால் பசை விட்டுப்போகும்.

1956 ஜூனில் பெர்கன் நகரில் 5,000 மீட்டரை 13:36.8இல் ஓடி உலக சாதனை செய்தார் பிரீ. அன்று தோற்றவர் சோவியத்தின் விளாடிமிர் குட்ஸ். அதே ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் 10,000 மீட்டரில் குட்ஸ் திடீர் திடீரென வேகத்தைக் கூட்டிக்கூட்டிப் பிரீயைக் களைக்கவைத்தார். ஒவ்வொரு பாய்ச்சலையும் ஒட்டியே துரத்திய பிரீ எட்டாவதாக முடித்தார். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்து, 5 கிலோமீட்டர் சீரோட்டத்துக்குள் 150 மீட்டர் பாய்ச்சல் ஆறு முறை செருகிப் பழகுங்கள். பந்தயத்தில் யாராவது பாய்ந்தால் உடனே ஒட்டாதீர்கள். 200 மீட்டருக்குள் படிப்படியாக இடைவெளியைக் குறையுங்கள்.

ஓடி முடித்த கையோடு வியர்த்த பனியனை மாற்றுங்கள், பிறகு தண்ணீர் குடியுங்கள். பந்தயம் சமவெளியில் என்றால் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக இறங்கிவிடுங்கள். மேலே சேர்த்த மூச்சுப்பலம் அதற்குள் போய்விடாது. வெயில் பழகாத உடம்பு மட்டும் அந்த நாட்கள் இல்லாமல் பாதி வழியிலேயே நின்றுவிடும்.