இறப்பர் கையும் சுத்தியலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் எந்தப் பாடசாலைக் கண்காட்சிக்குப் போனாலும் இப்போது மேசையில் ஓர் இறப்பர் கை கிடக்கிறது. சொந்தக் கையை அட்டைக்குப் பின்னால் மறைத்து, இறப்பர் கையைக் கண்முன்னே வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், தொடுகை இறப்பர் கையில் படுவதுபோல் தோன்றும். பொட்வினிக், கோஹென் இருவரும் 1998இல் வெளியிட்ட பரிசோதனை இது. கையைச் சரியாக மறைக்காதது போன்ற சில்லறைப் பிழைகளை விடுவோம்.

ஒப்பீடு இல்லாமல் சுத்தியலை எடுப்பது

உயர்தர மாணவர்களுக்குச் சுத்தியல் மீது அப்படியொரு மோகம். கொஞ்ச நேரம் வருடுவார்கள், இறப்பர் கையில் ஓங்கி ஒரு போடு. உட்கார்ந்திருக்கும் பிள்ளை "ஐயோ" என்று கையை இழுக்கும், கூட்டம் கைதட்டும். "பாருங்கோ மிஸ், மூளை ஏமாந்திட்டுது!" வருடாமலே அடித்துப் பாருங்கள், அப்போதும் பாதிப் பேர் துள்ளுவார்கள்.

கண் தரும் செய்தியும் தோல் தரும் செய்தியும் ஒரே காரணத்தால் வந்தவையா என்று மூளை பார்க்கிறது. நேரம் பொருந்தினால் இரண்டையும் கோத்துவிடுகிறது. எர்சன் என்ற ஆய்வாளரின் குழு 2004இல் மூளையைப் படம் பிடித்தபோது, 'இது என் கை' என்ற உணர்வு கூடக்கூட, அசைவுகளைத் திட்டமிடும் மூளைப் பகுதியான முன்னியக்கப் புறணியின் செயற்பாடும் கூடியிருந்தது. ஆகவே அதே ஆளுக்கு, ஒரு தூரிகை பட்டு அரை விநாடி கழித்து மற்றது படும்படியும் வருட வேண்டும். அப்போது உணர்வு தளர்கிறதா? அந்த வித்தியாசம்தான் உங்கள் முடிவு.

ஒரு குழு கட்டுக்கட்டாகத் தாள்களோடு வந்தது. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: "உங்கள் கை போல இருந்ததா?" எல்லாவற்றிலும் "ஆம்". ஆசையோடு முகத்தையே பார்த்து நிற்கும் பிள்ளையிடம் யார் இல்லை என்பார்கள்? முன்பின்னாக வருடியது ஒருவருக்கும் இல்லை. அவ்வளவு தாளும் குப்பைக்குத்தான். 1998 பரிசோதனையில் ஒன்பது கூற்றுகள் கொடுத்தார்கள். 'என் கை இறப்பராக மாறுவதுபோல் இருந்தது' என்பது போன்றவையும் அதில் கலந்திருந்தன. எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர் அங்கே பிடிபடுவார். இதை எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த வருடமும் சுத்தியலோடுதான் வருகிறார்கள்.

கையைத் திருப்பி வைப்பது

இறப்பர் கையின் விரல்கள் ஆளை நோக்கி இருந்தால் சரிவராது.

தூர வைப்பது

இரண்டு கைக்கும் இடையில் ஒரு சாண். அதற்கு மேல் வேண்டாம்.

அவசரமாக வருடுவது

மயிருள்ள தோலில் மென்வருடலுக்கென்றே நரம்பிழைகள் உண்டு. விநாடிக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வேகத்தில்தான் அவை நன்றாகத் துலங்கும். புறங்கையை ஆறுதலாக வருடுங்கள். அப்புறம், ஜன்னலை மூடுங்கள். கடற்காற்று மறைத்த கையில் படும், ஆனால் இறப்பர் கையில் அது கண்ணுக்குத் தெரியாது.

கை 'நகர்ந்ததை' உரிமையாக எண்ணுவது

கண்ணை மூடிக் கை எங்கே என்று காட்டச் சொன்னால், பலர் இறப்பர் கைப் பக்கம் தள்ளிக் காட்டுவார்கள். இந்த விலகல், தன் கை என்ற உணர்வு இல்லாமலும் வரும் என்று 2011இல் றோட் குழு காட்டியது. இரண்டையும் வெவ்வேறு நிரலில் எழுதுங்கள்.