உவர்த் தண்ணீரில் நீச்சல் குளம்: ராமநாதபுரம் கரையோர வீடுகளுக்கு

நீச்சல் குளத் தண்ணீருக்கு எல்லா ஊரிலும் ஒரே அட்டவணையைத்தான் கொடுப்பார்கள். பிஎச் (புளிப்பு-கார அளவு) 7.2 முதல் 7.8, காரத்தன்மை (பிஎச் தாவாமல் பிடித்து வைக்கும் பைகார்பனேட் உப்பு) 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), கால்சியம் 200 முதல் 400, குளோரின் 1 முதல் 3. கீழக்கரையிலோ உச்சிப்புளியிலோ போர் தண்ணீர் விட்டு நிரப்பிய குளம் பல நேரம் முதல் நாளே இந்த அட்டவணையைத் தாண்டி நிற்கும். கடினத்தன்மையை, அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்புகளைக் குறைக்க வீட்டில் போடக்கூடிய மருந்து எதுவும் இல்லை, தண்ணீரை மாற்றினால்தான் உண்டு. ஆனால் கடினத்தன்மை கூடுதல் என்பதற்காகவே குளம் கெட்டுவிடாது. பிஎச்சையும் காரத்தன்மையையும் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால், கால்சியம் 600 இருக்கும் தண்ணீரிலும் டைல்ஸ் வெள்ளை பூக்காது.

முதலில் குளம் எத்தனை லிட்டர் என்று தெரிய வேண்டும். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்குங்கள். 20-க்கு 10 அடி, சராசரி ஆழம் 4 அடி என்றால் 800 கன அடி, அதாவது சுமார் 22,600 லிட்டர். கீழே வரும் அளவெல்லாம் இந்தக் குளத்துக்கானது. உங்கள் குளத்துக்கு விகிதம் போட்டுக்கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம் சேர்த்தால் ஒரு பிபிஎம் கூடும். இந்த ஒரு வரி மனதில் இருந்தால், டப்பாவில் அச்சடித்த அளவு சரியா தவறா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நிரப்பும் முன் ஊற்றைச் சோதியுங்கள்

இந்தக் கரையில் மணல் திட்டுக்கு அடியில் நல்ல தண்ணீர் கிடைக்கும், நூறு அடி தள்ளித் தோண்டினால் வாயில் வைக்க முடியாது. லாரித் தண்ணீரும் எந்த ஊற்றில் எடுத்தது என்பதைப் பொறுத்து மாறும். அதனால் குளத்துக்குள் விடும் தண்ணீரையே ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துவிடுங்கள். கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை, இரும்பு, டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்பு) ஆகிய ஐந்தும் வேண்டும்.

கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தனித்தனியாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கடல்நீரில் கால்சியம் கடினத்தன்மை சுமார் 1000 பிபிஎம், மெக்னீசியத்தையும் சேர்த்தால் 6000-ஐத் தாண்டும். கடல் ஊடுருவிய போர் தண்ணீரில் மொத்தக் கடினத்தன்மை பெரிய எண்ணாக வரும், அதில் பெரும்பங்கு மெக்னீசியமாக இருக்கலாம். டைல்ஸில் படிவது கால்சியம் கார்பனேட். மொத்தக் கடினத்தன்மையை மட்டும் பார்த்துப் பயந்து தண்ணீரைக் கொட்டுவது வீண் செலவு. மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் கடினத்தன்மைக் கிட் மொத்தத்தைத்தான் காட்டும். அதில் வரும் ஜெர்மன் டிகிரியை 17.9-ஆல் பெருக்கினால் பிபிஎம். காரத்தன்மைக் கிட்டுக்கும் அதே கணக்கு, அதை நம்பலாம்.

இரும்பு இருந்தால் குளோரின் போட்ட அரை மணி நேரத்தில் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் ஆகும். அப்படிப்பட்ட ஊற்றாக இருந்தால் மேல்தொட்டியில் ஏற்றி, குளோரின் கலந்து, ஒரு நாள் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் குளத்துக்கு விடுங்கள்.

சோதிக்கும் முறை

தண்ணீரை மேலாக அள்ளக் கூடாது. தண்ணீர் திரும்பி வரும் குழாயிலிருந்து தள்ளி நின்று, பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, முழங்கை ஆழத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். சோதனைப் பட்டைகள் கடற்கரை ஈரக் காற்றில் சீக்கிரம் கெட்டுவிடும். மூடியை இரண்டு முறை திறந்து வைத்தாலே போதும். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான சொட்டு மருந்துக் கிட் மொத்தக் குளோரினை மட்டும் காட்டும், வேலை செய்யும் குளோரின் (தனிக் குளோரின்) எவ்வளவு என்று சொல்லாது. இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி மாத்திரைக் கிட்டையே வாங்குங்கள். ஒன்றாம் எண் மாத்திரை தனிக் குளோரினைக் காட்டும், அதே குழாயில் மூன்றாம் எண்ணையும் போட்டால் மொத்தக் குளோரின். இரண்டுக்கும் வித்தியாசம் 0.5-க்கு மேல் போனால் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து கிடக்கின்றன என்று பொருள். கண் எரிச்சலும் ‘குளோரின் வாடை’யும் அதனால் வருபவை. அதற்குத் தீர்வு இன்னும் குளோரின் போடுவது. நம்ப மறுப்பார்கள், ஆனால் அதுதான் சரி.

இந்தக் கிட்டில் ஒரு பொறி இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் மாத்திரை கரையும்போது ஒரு நொடி சிவந்து உடனே வெளுத்துவிடும். குளோரினே இல்லை என்று நினைத்து மேலும் கொட்டுவார்கள். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு குளத் தண்ணீரோடு நான்கு பங்கு பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துச் சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். அதே போல அதிகக் குளோரினில் பிஎச் சொட்டு மருந்து ஊதா நிறத்துக்குப் போகும். அன்றைக்குப் பிஎச்சைப் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

படிவுக் கணக்கு

சுண்ணாம்பு படியுமா, அல்லது தண்ணீர் டைல்ஸ் இடுக்குச் சிமென்ட்டைத் தின்னுமா என்பதைக் கைபேசிக் கணிப்பானிலேயே பார்க்கலாம். பிஎச் எண்ணோடு 0.7-ஐக் கூட்டுங்கள் (தண்ணீர் 29 டிகிரி இருக்கும்போது). கால்சியம் எண்ணின் லாக் (கணிப்பானில் log பொத்தான்) எடுத்து 0.4 கழித்துக் கூட்டுங்கள். காரத்தன்மையின் லாக்கையும் கூட்டுங்கள். மொத்தத்தில் 12.1 கழியுங்கள், டிடிஎஸ் 2000 அளவில் இருந்தால் 12.3. விடை −0.3-க்கும் +0.3-க்கும் நடுவில் இருந்தால் தண்ணீர் அமைதியாக இருக்கும்.

ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். பிஎச் 7.8, கால்சியம் 600, காரத்தன்மை 200, டிடிஎஸ் 2000. கூட்டிக் கழித்தால் +0.88. தண்ணீர் மட்டம் நிற்கும் வரிசை டைல்ஸில் வெள்ளைக் கோடு விழும், ஃபில்டர் மணல் கட்டி தட்டும். அதே கால்சியத்தோடு பிஎச்சை 7.4-க்கும் காரத்தன்மையை 70-க்கும் இறக்கினால் விடை +0.02. ஒரு வாளி தண்ணீர்கூட மாற்றவில்லை. அட்டவணை 80 என்று சொன்னாலும் இங்கே 60, 70 போதும் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

இறக்குவதற்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட். 32 சதவீத ஆசிட் 450 மில்லி, நமது 22,600 லிட்டரில் காரத்தன்மையை 10 பிபிஎம் இறக்கும். 200-லிருந்து 70-க்கு வர ஆறு லிட்டர் அளவுக்குத் தேவைப்படும். ஒரே நாளில் ஊற்றக் கூடாது. மோட்டார் ஓடும்போது ஒரு வேளைக்கு அரை லிட்டர், ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் ஆசிட்டை விட்டு (ஆசிட்டில் தண்ணீரை விடக் கூடாது), ஆழமான பக்கத்தில் சுற்றி நடந்தபடியே ஊற்றுங்கள். நான்கு மணி நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள். பிஎச் 7.0-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வேளைக்கு முன் தண்ணீர் திரும்பும் குழாயின் வாயை மேல்நோக்கித் திருப்பி, தண்ணீர் மேலே தெறித்து விழும்படி ஓடவிட்டால் கரியமில வாயு வெளியேறிப் பிஎச் தானாக ஏறும், காரத்தன்மை ஏறாது. திரும்ப ஆசிட். இப்படி ஒரு வாரம், பத்து நாள் ஆகும். காரத்தன்மை அதிகமான குளத்தில் பிஎச் தினமும் ஏறிக்கொண்டே இருப்பதும் இந்த வாயு வெளியேறுவதால்தான். 70-க்கு வந்தபின் அந்த ஏற்றம் அடங்கிவிடும்.

கழிவறை கழுவ விற்கும் மஞ்சள் ஆசிட் வேண்டாம். அந்த மஞ்சள் பெரும்பாலும் இரும்பு, குளத்தில் கறையாக வந்து உட்காரும்.

மழைத் தண்ணீரால் காரத்தன்மை 60-க்குக் கீழே போய்விட்டால் சமையல் சோடா 380 கிராம் போட்டால் 10 பிபிஎம் கூடும்.

குளோரின்

கடைக்காரர் கையில் முதலில் வருவது டிசிசிஏ 90 (90 சதவீத வீரியமுள்ள கெட்டிக் குளோரின் மருந்து), குருணையாகவோ மாத்திரையாகவோ. 25 கிராம் நமது குளத்தில் ஒரு பிபிஎம் குளோரின் தரும். கூடவே வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலத்தையும் விட்டுச் செல்லும்: 10 பிபிஎம் குளோரினுக்கு 6 பிபிஎம். குளோரின் காற்றோடும் வெயிலோடும் போய்விடும், சயனூரிக் அமிலம் அப்படியே தங்கும். நாளொன்றுக்கு 2 பிபிஎம் போட்டால் மாதத்தில் 36 சேர்ந்துவிடும். 30 முதல் 50 வரை நல்லது. அதற்கு மேல் போகப் போகக் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். தனிக் குளோரின் எப்போதும் சயனூரிக் அளவில் ஏழரை சதவீதமாவது இருக்க வேண்டும். 50 இருந்தால் 4 பிபிஎம், 100 இருந்தால் 7.5. ‘குளோரின் 2 காட்டுகிறது, ஆனால் குளம் பச்சை’ என்ற புகாரில் பாதிக்கு மேல் இதுதான் விஷயம்.

அதனால் டிசிசிஏவைச் சயனூரிக் அளவு 40 வரும்வரை போட்டுவிட்டு, அதன்பின் திரவ ஹைப்போவுக்கு (சோடியம் ஹைப்போகுளோரைட்) மாறுங்கள். 10 சதவீதச் சரக்கு 226 மில்லி ஒரு பிபிஎம். சூரியன் சாய்ந்தபின் ஊற்றினால் இரவு முழுக்க வேலை செய்யும். கேனை வெயில் படும் கொட்டகையில் வைத்தால் வீரியம் சில வாரங்களிலேயே இறங்கிவிடும், இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். ஊராட்சித் தொட்டியில் போடும் ப்ளீச்சிங் பவுடரும் குளோரின்தான், 75 கிராம் ஒரு பிபிஎம் தரும், ஆனால் ஏற்கெனவே சுண்ணாம்பு கூடிய தண்ணீரில் மேலும் சுண்ணாம்பைக் கொட்டுவது அது.

டிசிசிஏவையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே கரண்டியால் அள்ளாதீர்கள், ஒரே வாளியில் கரைக்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட்டும் ஹைப்போவும் ஒன்றுசேர்ந்தால் குளோரின் வாயு. இவற்றை மோட்டார் அறையில் வைக்காமல் தனித்தனியே, தரைக்கு மேலே பலகை போட்டு வையுங்கள்.

பச்சையாகிவிட்ட குளத்துக்கு, சயனூரிக் 40 என்றால் குளோரினை 16 பிபிஎம்முக்கு ஏற்ற வேண்டும். ஹைப்போ மூன்றரை லிட்டருக்குச் சற்று மேல். சுவரைத் தேய்த்து, ஃபில்டரைப் பேக்வாஷ் செய்து (தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டுக் கழுவி), அளவு இறங்க இறங்க மறுபடி ஏற்றுங்கள். பொழுது சாய்ந்ததும் ஒரு முறை, விடியலில் ஒரு முறை சோதியுங்கள். இடையில் ஒரு பிபிஎம்முக்கு மேல் குறையவில்லை என்றால் பாசி செத்துவிட்டது.

காற்று, மழை, துரு

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தண்ணீர் வேகமாகக் காயும். நாளுக்கு 6 மில்லிமீட்டர் இறங்கினால் இந்தக் குளத்தில் 110 லிட்டர் போகும். ஆவி மட்டும் போகும், உப்பு தங்கும். கால்சியம் 800 இருக்கும் போர் தண்ணீரை அதற்கு ஈடாக விட்டால் நாளுக்கு 4 பிபிஎம், மாதத்துக்கு 120 ஏறும். முதல் நிரப்பலைவிடத் தினசரி ஈடுகட்டும் தண்ணீர்தான் குளத்தைக் கெடுக்கிறது. கையில் இருக்கும் நல்ல தண்ணீரை அதற்கு ஒதுக்குங்கள், இரவில் மேலே விரிப்புப் போடுங்கள்.

ஐப்பசி மழை இலவச மருந்து. மழைக்கு முன் ஒரு அடி தண்ணீரை இறக்குங்கள், அது கால் பங்கு. முதல் மழையில் மாடியைக் கழுவவிட்டு, பிறகு மாடிக் குழாயைக் குளத்துக்குத் திருப்புங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை 2,360 லிட்டர் தரும்; இரண்டரை அங்குலத்தில் இறக்கிய ஒரு அடி நிரம்பிவிடும், கால்சியம் 800 இருந்தது 600 ஆகும். இறக்கிய தண்ணீரை ஊருணிப் பக்கம் விடாதீர்கள், தென்னை மூட்டிலும் வேண்டாம்.

உப்புக் காற்றில் 304 ரகத்து எஃகு ஏணி சீக்கிரம் துருப்புள்ளி வைக்கும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிமானச் சோதனைக்கென்றே மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் கரை இது. 316 ரகம் கேளுங்கள், மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் குளத்தை முழுக்கக் காலி செய்யாதீர்கள். மணல் தரையில் நிலத்தடி நீர் மேலே ஏறி வெறும் தொட்டியைக் கப்பல்போல் தூக்கிவிடும், தரை பிளக்கும், டைல்ஸ் உப்பிப் பெயரும். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் குளத்தின் அடித்தரைக்கு மேலே நிற்கிறதா என்று கயிறு விட்டுப் பாருங்கள். நின்றால், பங்குனி வெயிலில் கிணறு இறங்கும்வரை குளத்தில் தண்ணீர் இருக்கட்டும்.