தராசுத் தொகுதியை முதலில் கழற்றிப் பாருங்கள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தேயிலைக் கொழுந்து சேகரிப்பு மையத்தின் கணக்கு, நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதிவரும் கட்டற்ற மென்பொருளில் ஓடுகிறது. ஜாவாவில் எழுதிய சிறிய சர்வர். எடை, விவசாயி கணக்கு, விலை, ரசீது எல்லாவற்றையும் தொடக்கத்தில் ஒரே நிரலாகப் பிணைத்திருந்தோம்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பழைய தராசு பழுதாகிப் புதியது வந்தது. பழையது எடையை வெறும் எண்ணாக அனுப்பும். புதியது எண்ணுக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியையும் சேர்த்து அனுப்பியது. ஒரே வரித் திருத்தம். அதற்காக சர்வரையே நிறுத்தி மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. வாசலில் சாக்குகள் குவிந்தன. அடைத்த சாக்கில் கிடக்கும் கொழுந்து சூடேறும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்புத் தெரியும், பிறகு இலை சிவக்கும். என் சித்தி சாக்கை அவிழ்த்து இலையை உதறிப் பரப்பிக்கொண்டே என்னைப் பார்த்தார். அன்றிரவே நிரலைத் தனித்தனியே கழற்றி மாட்டக்கூடிய தொகுதிகளாகப் பிரிக்க உட்கார்ந்தோம்.

நீங்களும் இப்படித் தொகுதிகளை மாட்டிக் கழற்ற உதவும் ஒரு கட்டமைப்பை (ஃபிரேம்வொர்க்) தேடினால், முதலில் உங்கள் மென்பொருளில் அடிக்கடி மாறுவது எது என்று எழுதிவையுங்கள். பசுந்தேயிலை விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. ஆகவே விலைதான் தனித் தொகுதி என்றார் எங்களில் ஒருவர். நான் ஒப்பவில்லை. மாறுவது வெறும் எண் என்றால் அட்டவணையில் ஒரு வரி போதும். தராசு மாறும்போது எடையைப் படிக்கும் முறையே மாறுகிறது. தொகுதி அங்கேதான் வேண்டும்.

அடுத்து, சர்வர் ஓடும்போதே மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், தேவையான தொகுதியைத் தேடி ஏற்றித் தர ஜாவாவிலேயே இருக்கும் சர்வீஸ் லோடர் போதும். 2017இல் ஜாவா 9உடன் வந்த மாட்யூல் முறையையும் சேர்த்துக்கொண்டால், ஒரு தொகுதி எதை வெளியே காட்டலாம் என்பதைக் கம்பைலரே காவல் காக்கும். ஆனால் அது பதிப்பு எண் பார்த்துத் தேர்ந்தெடுக்காது. ஓடும் சர்வரில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் வேலையையும் தானாகச் செய்யாது. இரவில் நிறுத்திக் காலையில் ஏற்றலாம் என்ற வசதி உள்ளவர்கள் இதற்குமேல் தேட வேண்டாம்.

எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஓடும் ஜாவா நிரலில் தொகுதிகளை மாட்டவும் கழற்றவும் வழிசெய்யும் ஓஎஸ்ஜிஐ என்ற தரநிலையின் பக்கம் போனோம். அதில் பண்டில் எனப்படும் ஒவ்வொரு தொகுதிக்கும் தனி கிளாஸ் லோடர் (கிளாஸ் எனப்படும் நிரல் துண்டுகளைத் தேடி ஏற்றும் பகுதி) உண்டு; எதை வாங்குகிறது, எதைத் தருகிறது என்பது பதிப்பு வரம்போடு, தொகுதியின் விவரங்களைச் சொல்லும் மானிஃபெஸ்ட் கோப்பில் இருக்கும். நிரல் எழுத உதவும் எக்லிப்ஸ் மென்பொருள் 2004இல் 3.0 பதிப்பிலேயே இதன்மேல் ஏறிவிட்டது. தொல்லையும் உண்டு: வெளியே ஒழுங்காக ஓடிய நூலகம் இங்கே வந்ததும் கிளாஸைக் காணோம் என்று நின்றுவிடும். மானிஃபெஸ்ட்டைக் கையால் எழுதாதீர்கள். பிஎன்டி என்ற கருவி நிரலைப் படித்து எழுதித் தரும்.

சோதனைக்கு முழு சர்வரையும் மாற்ற வேண்டியதில்லை. அடிக்கடி மாறும் அந்த ஒரு தொகுதியை மட்டும் எழுதுங்கள். நொடிக்கு ஓர் எடை அனுப்பும் பொய்த் தராசு ஒன்றை ஓடவிட்டு, தொகுதியை நிறுத்தி, புதுப்பித்து, மறுபடி தொடங்கினேன். புதுப்பித்தாயிற்று என்று திரையில் வந்தது. ரசீதிலோ பழைய நிரல் படித்த எடையே தொடர்ந்தது! ரசீதுப் பகுதி, தொடக்கத்தில் வாங்கிய தராசுப் பொருளை விடாமல் பிடித்துவைத்திருந்தது. ஓஎஸ்ஜிஐயின் டிக்ளரேட்டிவ் சர்வீசஸ் என்ற வசதி வழியாக, சேவை போவதையும் வருவதையும் அறியும்படி எழுதிய பிறகே சரியானது. இந்தப் பிழை உங்களுக்கும் வரும். கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கியும் பாருங்கள், எங்கள் மலையில் மழைக்காலத்தில் மின்வெட்டு தவறாமல் நடக்கும்.

உரிமத்தைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். எங்கள் மென்பொருள் ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற உரிமத்தில் வருகிறது. ஓஎஸ்ஜிஐயை ஓட்டும் மென்பொருள்களில் ஒன்றான அப்பாச்சி ஃபெலிக்ஸின் அப்பாச்சி 2.0 உரிமம் அதனோடு ஒத்துப்போகும். ஜிபிஎல் 2 மட்டும் என்றால் ஒத்துப்போகாது. அப்படிப்பட்ட இன்னொன்றான ஈக்வினாக்ஸின் எக்லிப்ஸ் உரிமத்தில், முதல் பதிப்பு ஜிபிஎல்லுடன் சேராது. இரண்டாம் பதிப்பும் துணை உரிமமாக ஜிபிஎல்லை அறிவித்திருந்தால் மட்டுமே சேரும். ஃபெலிக்ஸை எடுத்துக்கொண்டோம்.

கட்டமைப்பின் ஆயுளையும் எண்ணுங்கள். 2008இல் வந்த, ஓஎஸ்ஜிஐமேல் ஓடும் ஸ்பிரிங்சோர்ஸ் நிறுவனத்தின் டிஎம் சர்வர், 2010இல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கொடுக்கப்பட்டு விர்கோ ஆனது. கட்டமைப்பு இப்படிக் கைமாறலாம். அதனால்தான் எங்கள் விலைக் கணக்கீட்டில் ஓஎஸ்ஜிஐயின் ஒரு சொல்கூட இல்லை. அது வெறும் ஜாவா.

இரண்டு கட்டமைப்புகள் இவ்வளவிலும் தேறினால், புதிதாக வருபவரிடம் கொடுங்கள். குன்னூர் மாணவி ஒருவர் இன்னொரு தராசுக்கான தொகுதியை எழுத உட்கார்ந்தார். அவர் தடுமாறி நின்ற இடத்தைத்தான் எங்கள் வழிகாட்டிக் கோப்பின் முதல் பத்தியாக எழுதிவைத்திருக்கிறேன்.